கற்பூரம், கரி, வாழைமட்டை: குணம் மாறுமா என்ற நம்பிக்கை எங்கே வேலை செய்கிறது?

பிள்ளைகளின் புத்தியை மூன்று வகையாகப் பிரித்துச் சொல்வது நம்மிடம் வெகுநாள் பழக்கம். கற்பூர புத்தி, குச்சியைக் காட்டியதும் பற்றிக்கொள்ளும். கரி புத்தி, ஊதி ஊதிக் கனிய வைக்க வேண்டும். வாழைமட்டை புத்தி, எத்தனை குச்சி கிழித்தாலும் பற்றாது. சொல்கிறவருக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. பற்றவில்லை என்றால் குறை மட்டையில்தான். குச்சியைக் கிழித்த கையை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

இப்போது பள்ளிக்கூடச் சுவர்களில் வேறொரு வாசகம் ஒட்டியிருக்கிறது: 'குரோத் மைண்ட்செட்'. ஆசிரியர் பயிற்சி, ஐடி கம்பெனிப் பயிற்சி வகுப்பு, பெற்றோர் கூட்டம் எங்கு போனாலும் இந்தச் சொல் காதில் விழுகிறது. 'என்னால் முடியாது' என்று சொல்லாதே, 'இன்னும் முடியவில்லை' என்று சொல், மூளை வளரும் என்கிறார்கள். இன்னொரு பக்கம், இந்தக் கோட்பாடு ஆய்வுகளில் தேறவில்லை, வெறும் ஊதிப் பெருக்கிய சரக்கு என்ற செய்திகளும் வருகின்றன. இரண்டையும் படிக்கிற பெற்றோருக்குக் குழப்பம் வருவது நியாயம்தான்.

குழப்பத்துக்கு முக்கியக் காரணம், விவாதம் முழுவதும் பிள்ளையின் தலைக்குள்ளேயே நடப்பது. பிள்ளை என்ன நம்புகிறது, அந்த நம்பிக்கையை மாற்றினால் மார்க் ஏறுமா என்றே கேட்கிறார்கள். ஆனால் இந்த நம்பிக்கை அதிக சேதம் செய்வது வேறோர் இடத்தில்: மதிப்பிடுகிற ஆளின் தலையில், அவர் கையில் இருக்கும் பேனாவில். அதை அடிப்படையிலிருந்து பார்த்துக்கொண்டு வருவோம்.

1. எதைப் பற்றிய கோட்பாடு இது?

அறிவு, குணம், திறமை இவையெல்லாம் மாறுமா என்பது ஒரு கேள்வி. அவை மாறும் என்று ஒருவர் நம்புகிறாரா என்பது வேறு கேள்வி. முதலாவதுக்கு உயிரியலும் கல்வி ஆய்வும் பதில் தேடுகின்றன. இரண்டாவதுதான் இங்கே பேசப்படும் சங்கதி. அமெரிக்க உளவியலாளர் கேரல் ட்வெக் 1970களில் தொடங்கிய ஆய்வுகளிலிருந்து இது வளர்ந்தது. தோல்வி வந்ததும் சில பிள்ளைகள் துவண்டுபோகிறார்கள், சிலர் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு உட்காருகிறார்கள். இரு தரப்பின் திறமையும் ஒன்றாக இருக்கும்போதே இப்படி நடப்பது ஏன் என்பதே அவருடைய ஆரம்பக் கேள்வி.

கட்டுரைக்காக இரண்டு சொற்களை வைத்துக்கொள்வோம். குணமும் திறனும் பிறந்தபோது அமைந்தபடியே இருக்கும் என்று நினைப்பது நிலைநம்பிக்கை. பயிற்சி, சூழல், உதவி கிடைத்தால் அவை நகரும் என்று நினைப்பது வளர்நம்பிக்கை; சுவரில் ஒட்டியிருக்கும் 'குரோத் மைண்ட்செட்' இதுதான். இதை அளக்கும் முறை ரொம்ப எளியது. 'அறிவுத்திறன் ஒருவரால் பெரிதாக மாற்றிக்கொள்ள முடியாத ஒன்று' என்பது போன்ற வாக்கியத்தைக் காட்டி, ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்பார்கள். பல நாட்டு மாணவர்களை ஒப்பிடும் பிசா தேர்வின்போது 2018இல் 15 வயதுப் பிள்ளைகளிடம் இதே மாதிரி கேட்டதில், அதை நடத்தும் ஓஇசிடி அமைப்பின் உறுப்பு நாடுகளின் சராசரியில் பத்தில் ஆறு பேருக்குச் சற்று மேல் இதை மறுத்தார்கள்.

ஒரே ஆள் ஒரு விஷயத்தில் நிலைநம்பிக்கையும் இன்னொன்றில் வளர்நம்பிக்கையும் வைத்திருப்பார். 'சித்திரமும் கைப்பழக்கம்' என்று தொடங்கும் பழைய வெண்பாவை நினைத்துப் பாருங்கள். ஓவியம், தமிழ், கல்வி, நடை எல்லாமே பழக்கத்தால் வரும் என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசி அடியில் நட்பும் தயையும் கொடையும் மட்டும் பிறவிக் குணம் என்று முடித்துவிடும். திறமைக்கு ஒரு நியாயம், குணத்துக்கு வேறு நியாயம். பாட்டின் முதல் பாதியை மட்டும் மேடையில் சொல்லிவிட்டுப் பின்பாதியை விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் பெரும்பாலானவர்கள் வாழ்க்கையில் நடந்துகொள்வது முழுப் பாட்டின்படிதான். 'கணக்கு போடப் போட வந்துடும்' என்று மகனைத் தேற்றும் அதே அப்பா, பங்காளியைப் பற்றிப் பேசும்போது 'நாய் வாலை நிமிர்த்த முடியுமா' என்பார்.

2. பரம்பரை என்றால் மாறாது என்று பொருளா?

நிலைநம்பிக்கைக்கு முட்டுக்கொடுக்க இழுக்கப்படும் சொல் ஜீன். 'அறிவில் பாதி ஜீனில் வருகிறதாமே, அப்புறம் என்ன?' என்பார்கள். இங்கே ஒரு முடிச்சை அவிழ்க்க வேண்டும்.

ஒரு பண்பு மரபு வழியாக வருகிறது என்றால், ஒரு கூட்டத்துக்குள் மனிதருக்கு மனிதர் தெரியும் வேறுபாட்டில் ஒரு பங்கு மரபணு வேறுபாட்டால் வருகிறது என்று பொருள். கூட்டம் முழுவதும் ஒருசேர ஏறவோ இறங்கவோ அது தடையில்லை. உயரமே நல்ல உதாரணம். மனிதப் பண்புகளில் மரபின் செல்வாக்கு மிக அதிகமாக உள்ளவற்றில் அது ஒன்று. ஆனாலும் 1896இல் பிறந்த தென் கொரியப் பெண்களைவிட 1996இல் பிறந்தவர்கள் சராசரியாக 20 செ.மீ. உயரம். நூறு ஆண்டில் ஜீன் அவ்வளவு மாறிவிடாது. மாறியவை சோறு, சுகாதாரம், மருத்துவம்.

அறிவுத்திறனுக்கும் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைத் திரட்டி 2018இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு (பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்ப்பது), பள்ளியில் கூடுதலாகப் படிக்கும் ஒவ்வோர் ஆண்டும் ஐக்யூ எனப்படும் அறிவுத்திறன் தேர்வு மதிப்பெண்ணை 1 முதல் 5 புள்ளி வரை கூட்டுகிறது என்று கண்டது. எல்லோரும் எல்லாமும் ஆகிவிடலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. ஐந்தடிக்காரர் ஆறடி ஆகப்போவதில்லை. ஆனால் 'மாறவே மாறாது' என்பது தரவோடு ஒத்துப்போகாத வாதம்.

ஐக்யூ தேர்வை உருவாக்கியவரே இதைத்தான் சொன்னார். பாரிஸில் ஆல்ஃபிரட் பினே, தியோடோர் சிமோனோடு சேர்ந்து 1905இல் முதல் அளவுகோலை வெளியிட்டபோது நோக்கம் ஒன்றே ஒன்றுதான்: வகுப்பில் பின்தங்கும் எந்தப் பிள்ளைக்குத் தனிக் கவனம் வேண்டும் என்று கண்டுபிடிப்பது. அறிவு என்பது கூட்டவே முடியாத ஓர் அளவு என்று பேசிய அறிஞர்களை 1909இல் அவர் கடுமையாக மறுத்து எழுதினார். அந்தப் பிள்ளைகளின் கவனத்தையும் நினைவாற்றலையும் பலப்படுத்த உடற்பயிற்சி மாதிரியே மனப்பயிற்சிகளையும் வகுத்தார். 1911இல் இறந்துபோனார். அதற்குள் அளவுகோல் அட்லாண்டிக்கைத் தாண்டியிருந்தது. அமெரிக்க உளவியலாளர்களான ஹென்றி கொடார்டும், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த லூயிஸ் டெர்மனும் அதைப் பிறவி அறிவை அளக்கும் கருவியாகவே கையாண்டார்கள். உதவி தேவைப்படுகிறவரைக் கண்டுபிடிக்க வந்த தேர்வு, ஆளைத் தரம்பிரித்து ஒதுக்கும் தேர்வாக மாறியது. டெர்மன் இருந்த அதே ஸ்டான்ஃபோர்டில்தான் பின்னாளில் ட்வெக்கும் பேராசிரியர் ஆனார்.

3. ஒரு வாக்கியம் செய்த வேலை

இந்தத் துறையில் அதிகம் பேசப்படும் சோதனையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். கிளாடியா மியூலரும் ட்வெக்கும் 1998இல் வெளியிட்டது. பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பு, வயது பத்து, பதினொன்று.

ஒவ்வொரு பிள்ளையாகத் தனியறைக்கு அழைத்து, ரேவன் புதிர்களைக் கொடுக்கிறார்கள். கட்டம் கட்டமாக வடிவங்கள் இருக்கும், கடைசிக் கட்டம் காலி, அதில் எது பொருந்தும் என்று சொல்ல வேண்டும். முதல் சுற்று சுலபம். முடிந்ததும் எல்லோரிடமும் 'நன்றாகச் செய்தாய்' என்கிறார்கள். அதன்பின் வரும் ஒரே வாக்கியத்தில்தான் வித்தியாசம். சிலரிடம் 'நீ இதில் கெட்டிக்காரனாக இருக்க வேண்டும்' என்கிறார்கள். வேறு சிலரிடம் 'நன்றாக உழைத்திருக்க வேண்டும்'. மூன்றாவது குழுவுக்கு முதல் பாராட்டோடு சரி.

அடுத்த சுற்று வேண்டுமென்றே கடினம். எல்லோரிடமும் 'இந்தத் தடவை மோசம்' என்று சொல்லிவிடுகிறார்கள். மூன்றாம் சுற்று மறுபடி முதல் சுற்றின் அளவுக்கே எளிது. நடந்தவை இவை:

அ. இனி எந்த மாதிரி வேலை வேண்டும் என்று கேட்டதில், கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர், பெயரைக் காப்பாற்றிக்கொள்ளும் வேலைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். உழைப்புக்குப் பாராட்டுப் பெற்றவர்களில் பெரும்பாலோர் புதிதாகக் கற்க வாய்ப்புள்ளதைக் கேட்டார்கள்.

ஆ. மூன்றாம் சுற்றில் முதல் குழுவின் மதிப்பெண், தங்களுடைய சொந்த முதல் சுற்றைவிடக் குறைந்தது. இரண்டாம் குழுவுக்குக் கூடியது.

இ. வேறு ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்தப் புதிர்களைப் பற்றி எழுதச் சொல்லி, தாளில் தங்கள் மதிப்பெண்ணைக் குறிக்கவும் இடம் கொடுத்தார்கள். பெயர் போட வேண்டாம், படிக்கப் போகிறவர் யாரென்றும் தெரியாது. ஆனாலும் கெட்டிக்காரர் குழுவில் பத்தில் ஏறக்குறைய நான்கு பேர் மார்க்கைக் கூட்டிப் போட்டார்கள். மற்றக் குழுக்களில் அப்படிச் செய்தவர்கள் மிகச் சிலர்.

மூன்றாவதுதான் நெஞ்சில் நிற்கிறது. கெட்டிக்காரன் என்ற பட்டத்தைக் கொடுத்த அதே கணத்தில் அதைப் பறிகொடுக்கும் பயமும் கூடவே வந்துவிடுகிறது. குறைந்த மார்க் 'இந்தத் தடவை சரியாக வரவில்லை' என்பதோடு நிற்காமல், 'நான் யார்' என்பதற்கான தீர்ப்பாகிவிடுகிறது. தீர்ப்பு பாதகமாக வந்தால் மறைக்கத் தோன்றுவது இயற்கை.

4. பிறகு எண்கள் ஏன் சுருங்கின?

ஆய்வகத்தில் இவ்வளவு துலக்கமாகத் தெரிந்த விளைவு, ஆயிரக்கணக்கான பிள்ளைகளிடம் சோதித்தபோது மெலிந்துபோனது. விவரம் இதுதான்.

1. நம்பிக்கைக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு. 2018இல் வந்த தொகுப்பாய்வு 3.6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவைச் சேர்த்துப் பார்த்தது. கிடைத்த ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்ற அளவு; முழுப் பொருத்தம் என்றால் 1) 0.10. மாணவர்களின் மதிப்பெண் வேறுபாட்டை நூறு பங்காக்கினால், அதில் ஏறத்தாழ ஒரு பங்குக்குத்தான் இந்த நம்பிக்கையோடு சம்பந்தம் என்று இதை வாசிக்கலாம்.

2. பயிற்சியின் பலன். அதே ஆய்வில், வளர்நம்பிக்கையை ஊட்டும் பயிற்சிகளின் சராசரி விளைவு 0.08 என்ற மிகச் சிறிய அளவு. 2023இல் வந்த இரண்டு தொகுப்பாய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. ஒன்று, தரமான ஆய்வுகளை மட்டும் எடுத்தால் பலன் கிட்டத்தட்டக் காணாமல் போகிறது என்றது. மற்றது, சராசரியைப் பார்க்காதீர்கள், யாருக்குப் பலிக்கிறது என்று பாருங்கள் என்றது.

3. இங்கிலாந்து. 101 பள்ளிகளில் 10, 11 வயதுப் பிள்ளைகள் ஏறத்தாழ 5,000 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2019இல் வெளியானது. பயிற்சி பெற்றவர்களுக்கு மொழியிலோ கணக்கிலோ கூடுதல் முன்னேற்றம் எதுவும் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த பள்ளிகளிலும் இந்தக் கருத்து ஏற்கனவே புழக்கத்தில் இருந்தது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

4. அமெரிக்கா. டேவிட் யேகர் தலைமையில் 12,000க்கும் மேற்பட்ட ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் நடந்த சோதனையும் 2019இல் வந்தது. கணினி வழியே ஒரு மணி நேரத்துக்கும் குறைவான வளர்நம்பிக்கைப் பயிற்சி. வகுப்பில் கீழ்ப்பாதியில் இருந்தவர்களின் மதிப்பெண், 4 புள்ளி அளவுகோலில் 0.10 உயர்ந்தது.

0.10 என்றால் கேட்பதற்கு ஒன்றுமில்லாத மாதிரிதான் இருக்கிறது. ஆனால் செலவோ ஒரு மணி நேரம்கூட இல்லை. டியூஷன் ஃபீஸோடு ஒப்பிட்டால் மலிவான 0.10. ஆக, 'பொய்' என்பதும் மிகை, 'வாழ்க்கையை மாற்றும் மந்திரம்' என்பதும் மிகை. சுவரொட்டிக்காரர்கள் விற்றது மந்திரத்தை. அதனால்தான் அது பலிக்காதபோது ஏமாற்றம் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. உழைப்பை வெறுமனே பாராட்டிக்கொண்டே இருப்பதும், வேறு வழிமுறை எதையும் கற்றுத்தராமல் 'இன்னும் முயற்சி செய்' என்பதும் தான் சொன்னது ஆகாது என்று ட்வெக்கே 2015இல் எழுத வேண்டியிருந்தது.

5. பேனா யார் கையில்?

அமெரிக்கச் சோதனையின் தொடர்ச்சியாக 2022இல் வெளியான அலசல்தான், என் பார்வையில், இந்தத் துறையின் திருப்பம். கணித வகுப்புகளைத் தனித்தனியாகப் பிரித்து, அங்கே பாடம் நடத்தும் ஆசிரியரின் நம்பிக்கை என்ன என்றும் பார்த்தார்கள். ஆசிரியரிடமும் வளர்நம்பிக்கை இருந்த வகுப்புகளில் பயிற்சி பலித்தது. ஆசிரியர் நிலைநம்பிக்கைக்காரராக இருந்த வகுப்புகளில் பிள்ளைகளுக்கு எவ்வளவு சொல்லிக்கொடுத்தும் மார்க் நகரவில்லை. 'முடியும்' என்று பிள்ளையை நம்பவைத்துவிட்டு, 'உனக்கு வராது' என்று முடிவுகட்டியவர் முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்தால் வேறென்ன நடக்கும்?

மதிப்பிடுகிறவரின் நம்பிக்கை எப்படி வேலை செய்கிறது? ஆய்வுகள் காட்டும் வழிகள் சில.

முதலாவது, அவசரத் தீர்ப்பு. நிலைநம்பிக்கைக்காரருக்குக் கொஞ்சம் சான்றே போதும். ஒருவர் ஒரு தடவை தாமதமாக வந்தால் 'பொறுப்பில்லாத ஆள்' என்று குணத்துக்குப் போய்விடுவார். வளர்நம்பிக்கைக்காரர் பஸ் லேட்டா, வீட்டில் பிரச்சினையா என்று சூழலையும் பார்ப்பார். தனி ஆள் விஷயத்தில் மட்டுமின்றி, ஒரு கூட்டத்தைப் பற்றி ஊரில் வழங்கும் முன்முடிவுகளை ஏற்றுக்கொள்வதிலும் முதல் வகையினரே முன்னால் நிற்கிறார்கள் என்று 1990களின் கடைசியில் வந்த ஆய்வுகள் காட்டின.

இரண்டாவது, மாற்றம் கண்ணில் படாமை. 2005இல் வெளியான ஓர் ஆய்வில், ஊழியர் ஒருவர் முதலில் சொதப்புவதையும் பிறகு நன்றாகச் செய்வதையும் மேலாளர்கள் பார்த்து மதிப்பிட்டார்கள். நிலைநம்பிக்கை உள்ளவர்கள் முதல் அபிப்பிராயத்தைப் பிடித்துக்கொண்டு, பின்னால் வந்த முன்னேற்றத்துக்குக் குறைவாகவே மதிப்பெண் போட்டார்கள். அப்ரைசல் நேரத்தில் 'போன வருஷமே இப்படித்தான்' என்ற வாக்கியத்தைக் கேட்டவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. ஆனால் அதே ஆய்வில், ஒரு பயிலரங்கின் மூலம் மேலாளர்களின் நம்பிக்கையை அசைத்தபோது மதிப்பிடும் முறையும் மாறியது.

மூன்றாவது, பரிவு வேஷத்தில் வரும் தீர்ப்பு. வெளியில் தெரியாமல் ஆழமாக இறங்குவது இதுதான். கணிதத்திறன் பிறவியில் வருவது என்று நம்பும் ஆசிரியர், முதல் தேர்வில் குறைந்த மார்க் எடுத்த மாணவரைத் திட்டுவதில்லை. 'பரவாயில்லை, எல்லோருக்கும் கணக்கு வராது, நீ வேறொன்றில் நன்றாக வருவாய்' என்று தேற்றுகிறார். வீட்டுப்பாடத்தையும் குறைத்துக் கொடுக்கிறார். இப்படித் தேற்றப்பட்ட மாணவர்கள், ஆசிரியர் தங்களிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை என்று புரிந்துகொண்டு, தாங்களும் எதிர்பார்ப்பதை விட்டார்கள் என்று 2012இல் வந்த ஆய்வு காட்டியது. பத்தாம் வகுப்பு முடிந்ததும் 'ஃபர்ஸ்ட் குரூப் இவனுக்குத் தாங்காது சார், ஆர்ட்ஸ் குரூப்பில் போட்டுடலாம்' என்று நம்மூர்ப் பள்ளிகளில் அன்போடு சொல்லப்படும் வாக்கியமும் இந்தக் குடும்பம்தான். சில நேரம் அது சரியான யோசனையாகக்கூட இருக்கலாம். எந்தச் சான்றை வைத்துச் சொல்கிறார் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

அடி யார் தலையில் விழுகிறது என்பதற்கு 2019இல் கணக்கு கிடைத்தது. ஒரு பெரிய அமெரிக்க அரசுப் பல்கலைக்கழகத்தில் அறிவியல், கணிதம், பொறியியல் பேராசிரியர்கள் 150 பேரையும், அவர்களிடம் படித்த 15,000 மாணவர்களையும் பார்த்தார்கள். நிலைநம்பிக்கை கொண்ட பேராசிரியர்களின் வகுப்பில், கறுப்பின, லத்தீன், பூர்வகுடி மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான மதிப்பெண் இடைவெளி இரண்டு மடங்கு வரை பெரிதாக இருந்தது. இது தொடர்பைக் காட்டும் ஆய்வு, காரணத்தை முழுதாக நிறுவியது என்று சொல்ல முடியாது. ஆனால் திசை தெளிவு. ஏற்கனவே 'இவர்களுக்கு வராது' என்று பேர் வாங்கிய கூட்டத்தின் மேல்தான் நிலைநம்பிக்கையின் முழுப் பாரமும் இறங்குகிறது. மேதைமை இருந்தால்தான் தேறலாம் என்று நம்பப்படும் தத்துவம், கணிதம், இயற்பியல் போன்ற துறைகளில் பெண்கள் குறைவு என்று 2015இல் வந்த ஆய்வும் இதையே வேறு கோணத்தில் சொன்னது.

6. மறுபக்கக் கத்தி: மாறலாம் என்றால் பழி யாருக்கு?

அப்படியானால் 'எல்லாம் மாறும்' என்று நம்பிவிட்டால் நியாயம் கிடைத்துவிடுமா? இங்கேதான் பயிற்சி வகுப்புகள் வாய் திறப்பதில்லை. மாற்றிக்கொள்ள முடியும் என்ற நம்பிக்கையின் நிழலாகவே, 'அப்போ நீ ஏன் மாற்றிக்கொள்ளவில்லை?' என்ற கேள்வியும் வருகிறது.

உடல் பருமன் பற்றிய ஆய்வுகளில் இது துல்லியமாகத் தெரிகிறது. எடை மாறக்கூடியது என்ற செய்தி சிலருக்கு ஊக்கம் தருகிறது. அதே செய்தி, பருமனானவர்களைப் பழிக்கும் மனப்போக்கையும் கூட்டுகிறது. மனநோய்க்கும் குடிப்பழக்கத்துக்கும் 'மூளைக் கோளாறு, மரபணு' என்று காரணம் சொன்னால் கதை நேர்மாறு. பழி குறைகிறது. ஆனால் 'இது குணமாகாது' என்ற எண்ணமும், அந்த ஆளிடமிருந்து ஒதுங்கி நிற்கும் ஆசையும் கூடுகின்றன.

ஆக, இரண்டு கேள்விகளைப் பிரித்தே வைக்க வேண்டும். மாற முடியுமா என்பது ஒன்று. இதுவரை மாறாததற்கு யார் பொறுப்பு என்பது இன்னொன்று. மூன்று வேளை சாப்பாடும், உட்கார்ந்து படிக்க இடமும் இல்லாத பிள்ளையிடம் 'உன் மைண்ட்செட் சரியில்லை' என்று சொல்வது, வாழைமட்டை என்று சொல்வதைவிட நாகரிகமாகக் கேட்கலாம். முடிவில் குச்சி கிழித்த கை இங்கேயும் தப்பித்துக்கொள்கிறது.

7. நம்பிக்கை சட்டமானால்

மதிப்பிடுகிற கை அரசாங்கத்தின் கையாக இருந்தால் நிலைநம்பிக்கை என்ன செய்யும் என்பதற்குத் தமிழ்நாட்டில் வெகுதூரம் தேட வேண்டாம். 1871இல் வட இந்தியாவுக்கு என்று வந்தது குற்றப் பரம்பரைச் சட்டம். 1911இல் திருத்தப்பட்டு மதராஸ் மாகாணத்துக்கும் வந்தது. தச்சும் நெசவும் சாதிவழித் தொழிலாக வருவதுபோலக் குற்றமும் பரம்பரைத் தொழிலாக வருகிறது என்பது இதன் அடியில் இருந்த வாதம். ஒரு கூட்டம் பட்டியலில் ஏறிவிட்டால், அதில் பிறந்தவர் எந்தத் தப்பும் செய்யாமலே கண்காணிப்புக்குள் வந்துவிடுவார்.

பிரமலைக் கள்ளர் ஊர்களில் இதைக் கைரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். ஆண்கள் ரேகை பதிய வேண்டும், இரவில் காவல் நிலையத்தில் ஆஜராக வேண்டும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு என்ற அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். ரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் 16 பேர் இறந்தார்கள்.

இந்த வரலாற்றில் ஒரு முரண் உண்டு. பிறவியிலேயே குற்றவாளி என்று ரேகை எடுத்த அதே அரசாங்கம், அந்த மக்களைத் திருத்துவதற்கென்று பள்ளிக்கூடங்களும் திறந்தது. மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் இன்றும் இருக்கும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் அதன் தொடர்ச்சி. குணம் மாறாது என்றால் பள்ளி எதற்கு? மாறும் என்றால் ரேகை எதற்கு? இரண்டையும் ஒரே நேரத்தில் நம்புவதில் அதிகாரத்துக்குச் சிரமம் இருந்ததாகத் தெரியவில்லை. சட்டம் மதராஸில் 1947இலும், நாடு முழுவதும் 1952இலும் நீங்கியது. பட்டியலில் இருந்தவர்கள் சீர்மரபினர் ஆனார்கள். ஆனால் பழைய சட்டம் போன இடத்தில் பல மாநிலங்களில் திரும்பத் திரும்பக் குற்றம் செய்கிறவர்கள் பற்றிய சட்டங்கள் வந்து உட்கார்ந்தன.

நேர் எதிரான நம்பிக்கையும் நம் சட்டத்தில் இருக்கிறது. 1980இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் மரண தண்டனையைச் செல்லும் என்றே வைத்தது, ஆனால் அரிதிலும் அரிதான வழக்குக்கு மட்டும் என்று சுருக்கியது. அதோடு, குற்றவாளி திருந்தக்கூடியவரா என்பதையும் கணக்கில் எடுக்கச் சொன்னது. திருந்த வாய்ப்பில்லை என்று காட்டும் பொறுப்பை அரசுத் தரப்பின் மேல் வைத்தது. ஆள் மாறக்கூடியவர் என்பதிலிருந்தே நீதிமன்றம் தொடங்க வேண்டும், மாறமாட்டார் என்பவர்தான் சான்று கொண்டுவர வேண்டும் என்று ஆகிறது. காகிதத்தில் இது அருமையான ஏற்பாடு. நடைமுறையில், குற்றத்தின் கொடூரத்தையே குணத்துக்கான சான்றாக எடுத்துக்கொண்டு தண்டனை தரப்படுவது தொடர்ந்ததால்தான், சிறையில் நடத்தை எப்படி, மனநிலை எப்படி என்ற அறிக்கைகளை வாங்கிப் பார்க்க வேண்டும் என்று 2022இல் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவாக வழிகாட்ட வேண்டியிருந்தது.

அதற்கு இரண்டு ஆண்டு கழித்து, 2024 அக்டோபர் 3 அன்று, சிறைக் கையேடுகளைப் பற்றிய வழக்கில் தீர்ப்பு வந்தது. நாடோடிக் கூட்டத்தில் பிறந்த கைதிக்குத் தப்பி ஓடும் இயல்பு உண்டு என்று கருதும் விதி, இன்ன சாதிக் கைதிக்குத் துப்புரவு வேலை, இன்ன சாதிக்குச் சமையல் வேலை என்று பிரிக்கும் விதி என்று பல மாநிலக் கையேடுகளில் அதுவரை இருந்தவற்றை நீதிமன்றம் செல்லாது என்றது. கைதிகளின் பதிவேட்டில் சாதிக்கு என்று இருந்த பத்தியையும் அடித்துவிடச் சொன்னது.